தண்டவாளத்தைத் தொடாத சக்கரம்

லேத் ஓய்ந்ததும் கட்டைவிரல் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு அங்கே இருந்தது. வலது கை கைப்பிடியைத் திருப்பி சீவும் டூலைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தியது. இடது கை சுவிட்சைப் போட்டது. வெள்ளை நைலான் நூல்போலச் சுருண்டு விழுந்தது. மறுபடி நிறுத்தம், மறுபடி கட்டைவிரல். இந்த முறை விரல் எங்கும் நிற்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி, நடுத்துளையில் பேரிங்கைப் பொருத்தி, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் சீராகத் தட்டி இறக்கின அந்தக் கைகள். புறங்கைகளில் பழைய கீறல்கள் கோடுகோடாக வெளுத்திருந்தன. கரும்புச் சோகை அறுத்தவை. அவற்றின்மேல் இரும்புப் பொறி சுட்ட புள்ளிகள்.

மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலைக்குப் போகிற சாலையோரம் தகரக் கொட்டகையில் லேத் வைத்திருக்கும் செவ்வந்தியின் கைகள் அவை. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூலிகள். பள்ளியை விட்டதும் அவளும் வெட்டப் போனாள். பிறகு ஒரு பட்டறையில் இரும்புச் சீவல் கூட்டும் வேலை கிடைத்தது. கூட்டுகிறவள் எங்கே நின்றாலும் யாரும் கேட்பதில்லை. அவள் லேத்துக்கு எதிரில்தான் அதிக நேரம் கூட்டினாள். மிஷின்காரர் வராத ஒரு நாள், காத்துக்கொண்டிருந்த ஒரு டிரெய்லரின் அச்சைத் தானே கடைந்து கொடுத்தாள். முதலாளி முதலில் திட்டினார். அப்புறம் அளந்து பார்த்தார். அடுத்த அச்சையும் அவளிடமே கொடுத்தார். அவர் பட்டறையை மூடியபோது அந்தப் பழைய லேத் அவளிடம் வந்தது. இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆலை ஓடுகிற மாதங்களில் கரும்பு டிரெய்லர்களின் சக்கரமும் அச்சும்தான் அவளுக்கு வேலை. பேரிங் கெட்டிருந்தால் வண்டி சாலையில் வரும்போதே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள்.

இந்தப் பொங்கலுக்கு அவள் கடைந்துகொண்டிருந்தது டிரெய்லர் சக்கரம் அல்ல. கொட்டகைக்கு நடுவில் புலிமுகம் வைத்த ஒரு சிவப்புப் பெட்டி நின்றது. நாலு பேர் உட்காரலாம். கொண்டுவந்தவன் இளவரசன். ஊர் ஊராகத் திருவிழாக்களில் ராட்டினமும் டிராகன் ரயிலும் போடுகிறவன். பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சியில் பொருட்காட்சி. அதில் முதன்முதலாக ஒரு ரோலர் கோஸ்டர் போடப் போகிறான். வடக்கே எங்கோ மூடிப்போன ஒரு கம்பெனியிடம் பழையதாக வாங்கியது. தண்டவாளம், கால்கள், சங்கிலி எல்லாம் லாரியில் வந்தன. பூட்டத் தெரிந்த ஆள் மட்டும் வரவில்லை.

"யக்கா, ரோலர் கோஸ்டர் பாத்துக்கிறீங்களா?" என்று முதல் நாளே கேட்டான்.

"டிவில பாத்தேன். ஜனங்க கத்துவாங்களே, அதானே?"

"அதான். கத்தறதுக்குத்தான் டிக்கெட்டே."

கடை வாசலில் தன் டிரெய்லருக்காகக் காத்திருந்த டிராக்டர் ஓட்டுநர் ஆதிமூலம் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "கத்தணும்னா எங்க வூட்டுக்கு வாங்கய்யா. டிக்கெட்டே வேணாம். ஏம்மா செவ்வந்தி, என் கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது, நீ பொம்மை வண்டிக்குச் சக்கரம் போடப் போறியா?"

"உன்னுதுதாண்ணே மொதல்ல. உக்காரு."

இளவரசன் டிராகன் ரயிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னான். டிராகன் ரயிலில் மோட்டார் கடைசிவரை இழுத்துக்கொண்டே போகும். வட்டமான தண்டவாளம், ஏற்றம் என்று பேருக்கு ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கானது. இதில் பெட்டிக்கு மோட்டாரே கிடையாது. சங்கிலி உச்சிவரை இழுத்துப் போய் விட்டுவிடும். அப்புறம் இறங்குகிற வேகத்தில்தான் அடுத்த மேடு ஏறி, வளைந்து, கிளம்பின இடத்துக்குத் தானே திரும்பி வரும்.

பெட்டிக்கு மூன்று விதமான சக்கரங்கள். தண்டவாளக் குழாயின் மேலே உருளும் நாலு பெரியவை. பக்கவாட்டில் அணைத்து நிற்கும் நாலு சிறியவை. அடியில், குழாய்க்குக் கீழே தொங்கும் இன்னும் நாலு. செவ்வந்தி ஒரு குழாய்த் துண்டைப் போட்டு அதன்மேல் பெட்டியை ஏற்றச் சொன்னாள். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். அடிச்சக்கரங்கள் குழாயைத் தொடவில்லை. பெட்டியைத் தள்ளினாள். மேல்சக்கரங்கள் சுழன்றன, பக்கச் சக்கரங்கள் விட்டுவிட்டுச் சுழன்றன, அடிச்சக்கரங்கள் அசையவே இல்லை. அவை தேய்ந்து கோணியிருந்தன. ஒன்றின் தாங்கி வளைந்து குழாயைச் சுரண்டியது.

"இது எதுக்குத் தம்பி?"

"தெரியலையேக்கா. டிராகன் ரயில்ல இது கெடையாது. ஒரு கொக்கி மட்டும் இருக்கும்."

அவள் வெர்னியர் அளவுகோலை எடுத்து இடைவெளியை அளந்தாள். இளவரசனையும் ஆதிமூலத்தையும் பெட்டியில் உட்காரச் சொல்லி மறுபடி அளந்தாள். இடைவெளி கூடியிருந்தது.

"ஆளு ஏறினா பெட்டி அமுங்குது. இது தண்டவாளத்த விட்டு இன்னும் தள்ளிப் போவுது. ஆளு ஜாஸ்தியானா இதுக்கு வேலை கம்மி. சும்மா தொங்கிக்கினு இருக்குது."

"எங்க சங்கத்துத் தலைவரு மாதிரி," என்றார் ஆதிமூலம்.

மூன்று பேரும் சிரித்தார்கள். கரும்பு டிரெய்லரில் எல்லாப் பாரமும் கீழ்நோக்கித்தான் இறங்கும். அந்தப் பாரத்துக்காகத்தான் அவள் இத்தனை வருடம் அச்சு கடைந்திருக்கிறாள். அடிச்சக்கரங்களைத் தாங்கியோடு கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டாள். மேல்சக்கரங்களையும் பக்கச் சக்கரங்களையும் புதிதாகக் கடைந்தாள். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை.

போகிக்கு முந்தின நாள் காலையில் கள்ளக்குறிச்சி மைதானத்தில் கோஸ்டர் நின்றது. சுற்றிலும் கடைகளுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றிப் பார்க்க செவ்வந்தியும் போயிருந்தாள்.

இளவரசன் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராட்டினமோ ரயிலோ, கை வைத்துச் சரிசெய்தவர்தான் முதலில் ஏற வேண்டும். பூசணிக்காய் சுற்றி உடைத்து, சூடம் காட்டி, அவர் ஒரு சுற்று போய் இறங்கிய பிறகே மற்றவர்கள் அதில் கால் வைப்பார்கள்.

"யக்காவுக்கு எதுக்கு? நான் ஏறிக்கறேன்," என்றான் இளவரசன்.

பிரேக் கட்டையைப் பிடித்து நின்றிருந்த அவன் மனைவி ஆண்டாள் விடவில்லை. "ரிப்பேரு பண்ணது யாரு, நீயா? உன் தொந்திய வச்சி இன்னா டெஸ்ட்டு பண்ணப் போற? யக்கா ஏறட்டும். எங்க மாமனாரு காலத்துலருந்து வர்றது."

"ஏறறேம்மா. எனக்கும் இது எப்பிடித்தான் கத்த வைக்குதுன்னு பாக்கணும்," என்றாள் செவ்வந்தி.

அவள் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்திலும் பின்னாலும் மணல் மூட்டைகள். மடிமேல் கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். சங்கிலி டக்டக்கென்று இழுத்தது. உச்சியில் ஒரு கணம் ஊர் முழுவதும் தெரிந்தது. மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், அதற்கப்பால் கரும்பு, மேற்கே நீலமாகக் கல்வராயன் மலை. பிறகு சங்கிலி விட்டது.

இறக்கம் அவள் நினைத்த மாதிரிதான் இருந்தது. பயம் இருந்தது. ஆனால் காது பயத்தின் பக்கம் இல்லை. நாலு பெரிய சக்கரமும் ஒரே குரலில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்ட சத்தம் எதுவும் இல்லை. பள்ளத்தைத் தொட்டபோது பாரம் முழுவதும் உடம்பை அமுக்கியது. அதையும் எதிர்பார்த்திருந்தாள். பெட்டி அதே வேகத்தில் இரண்டாவது மேட்டில் ஏறியது.

மேட்டின் முதுகில் சத்தம் நின்றுபோயிற்று.

சக்கரம் உருளும் சத்தம் முழுவதும் இல்லாமல் போயிற்று. காற்று மட்டும் கேட்டது. அவள் உடம்பு இருக்கையை விட்டு எழும்பிக் கம்பியில் முட்டியது. இந்த ஆயுளில் எத்தனையோ விதமான சக்கரச் சத்தங்களைக் கேட்டவளுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்து சக்கரச் சத்தமே வராதது இதுதான் முதல் தடவை. பெட்டி தண்டவாளத்தின்மேல் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. பெட்டி மறுபடி தண்டவாளத்தின்மேல் விழுந்தது. பக்கச் சக்கரம் ஒன்று குழாயின் மேலேயே ஏறிக்கொள்ள, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுரண்டிக்கொண்டே போய் அடுத்த பள்ளத்தில் சிக்கி நின்றது. பின்னாலிருந்த மூட்டைகளில் ஒன்றைக் காணோம். அது தண்டவாளத்தைத் தாண்டிப் போய், டிக்கெட் வரிசைக்காகக் கயிறு கட்டியிருந்த இடத்தில் விழுந்து வெடித்துக் கிடந்தது.

ஆண்டாளின் கை பிரேக் கட்டையிலேயே உறைந்திருந்தது. கழி நட்டவர்கள் கழியைப் பிடித்தபடியே நின்றார்கள். இளவரசன் ஏறி வந்து கம்பியின் பூட்டைத் திறந்தான். செவ்வந்தி இறங்கவில்லை. காலை எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று தெரிந்தது, கால் வரவில்லை. அவன் தூக்கித்தான் இறக்கினான்.

கீழே வந்ததும் அவள் வெடித்த மூட்டையிடம் போனாள். குனிந்து மணலைத் தொட்டாள். அது ஒரு பிள்ளையின் கனம் இருக்கும். பின்சீட்டில் பிள்ளைகளைத்தான் உட்கார வைப்பார்கள்.

"யக்கா, தண்ணி குடிங்க," என்று ஆண்டாள் சொம்பை நீட்டினாள்.

இளவரசனுக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அவன் வாய் வேறு பக்கம் போயிற்று. "சைடு வீலுதான் லூஸு. கொஞ்சம் டைட்டு பண்ணிட்டா நின்னுக்கும். நைனார்பாளையம் வரைக்கும் ஆட்டோல மைக்கு கட்டிச் சொல்லியாச்சு. வெள்ளிமலைலருந்து வேன் புடிச்சி வர்றாங்க. பொங்கலுக்கு இது நின்னா நான் எங்கப் போவேன்?"

"நீ எங்கனா போ," என்றாள் ஆண்டாள். "நான் இந்தக் கட்டையத் தொட மாட்டேன். வேன்ல வர்றது யாரு வூட்டுப் புள்ளைங்க?"

"லூஸு இல்ல தம்பி," என்றாள் செவ்வந்தி. "பெட்டி மேல எழும்பிடுச்சி. சக்கரம் எதுவும் தண்டவாளத்துல இல்ல. நான் கேட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "உன் போன்ல கோஸ்டருங்க வீடியோ வச்சிருக்கறதாச் சொன்னியே. எல்லாத்தயும் காட்டு," என்றாள்.

அவன் வாங்க ஆசைப்பட்ட கோஸ்டர்கள் எல்லாம் அந்தப் போனில் இருந்தன. டிக்கெட் கொட்டகையின் நிழலில் மூவரும் உட்கார்ந்தார்கள். முதலில் ஒன்று, பெட்டியைத் தலைகீழாக வட்டமடித்துக் கொண்டுபோனது. அடுத்தது மரச் சட்டங்களால் ஆன பெரிய கூடாரம் போன்றது, கடகடவென்று அதிர்ந்தபடி பெட்டிகளை மேடு மேடாக ஏற்றி இறக்கியது. இன்னொன்றில் தண்டவாளம் தலைக்கு மேலே இருந்தது, ஜனங்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பறந்தார்கள். சின்னச் சின்ன ஒற்றைப் பெட்டிகளாக வந்து, விளிம்புவரை ஓடி விழப்போவது போல் சட்டென்று திரும்புகிற ஒன்றும் இருந்தது. அதை எலி வண்டி என்றான் இளவரசன். அவனும் ஆண்டாளும் கத்துகிற முகங்களைப் பார்த்தார்கள். செவ்வந்தி, "நிறுத்து. பெருசாக்கு. அடிய காட்டு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தலைகீழ் வண்டியில் குழாய்க்கு மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. தொங்குகிற வண்டியிலும் அப்படியே. மர வண்டியில் தண்டவாளத்தின் விளிம்புக்குக் கீழே சக்கரம் மறைந்திருந்தது. எலி வண்டியில் நிழலாகத்தான் தெரிந்தது, ஆனால் இருந்தது. அடிச்சக்கரம் இல்லாத ஒரு கோஸ்டரையாவது காட்டிவிட மாட்டானா என்றுகூட ஒரு நிமிடம் எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

"தம்பி, போதும்," என்றாள். "அந்த நாலு சக்கரமும் பெட்டி எழும்பாம இழுத்துப் புடிக்கறதுக்கு. மேட்டு மேல மட்டுந்தான் அதுக்கு வேலை. நான்தான் கழட்டிப் போட்டேன்."

"நானுந்தானேக்கா சரின்னேன்."

"நீ சரின்னது நான் அளந்து காட்டுனதுக்கு. நின்ன வண்டிய அளந்தேன். ஓடற வண்டிய அளக்கல."

இளவரசன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். மைக் ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு, கோஸ்டர் பேரை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லச் சொன்னான். "உங்க சக்கரம் வந்தாத்தான் இது ஓடும். வரலைன்னா படுதா போட்டு மூடிடறேன்," என்றான். பொங்கலுக்குள் முடியுமா என்று கேட்கவில்லை.

பெட்டியோடு அவள் மினி லாரியில் கொட்டகைக்குத் திரும்பியபோது ஆதிமூலம் தன் டிரெய்லருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டு, கையிலிருந்த கிரீஸ் டப்பாவைக் கீழே வைத்தார்.

"வண்டி எழும்புச்சா? எத்தன வருசமா ஓட்டறேன், எங்கனா டிரெய்லரு எழும்பிக்கிதா?" என்றவர் தானே நிறுத்தினார். "காலியா வரும்போது எழும்பும். ஆலையில எறக்கிட்டு வேகமா வந்தா அந்த ஓடைப் பாலத்து மேட்டுல துள்ளும். ஒருவாட்டி பின்னாடிக் கதவே கழண்டு வுழுந்துது. அதனாலதான் காலி டிரெய்லருல யாரையும் ஏத்த மாட்டோம்."

செவ்வந்தி நின்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பாலம் கொட்டகையிலிருந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு பருவமும் காலி டிரெய்லர்கள் அதன்மேல் துள்ளிக் குதித்துப் போவதை அவள் பார்க்காத நாள் இல்லை. அந்தத் துள்ளல் சத்தத்தைக் கேட்டு, இன்னாருடைய வண்டி என்றுகூடச் சொல்வாள். ஆனால் காலி டிரெய்லரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ரிப்பேருக்கு வருகிறவர்கள் எல்லோரும் பாரம் தாங்குமா என்றுதான் கேட்பார்கள். அவளும் அதைத்தான் அளப்பாள். மைதானத்தில் வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. தெரியாமல் செய்துவிட்டதாக நினைத்திருந்தாள். தெரிந்தேதான் இருந்திருக்கிறது. கண்ணெதிரில், வாசலில்.

"எழுந்திருமா," என்றார் ஆதிமூலம். "எல்லாருந்தான் சிரிச்சோம். நானுந்தான்."

குவியலிலிருந்து பழைய தாங்கிகளை எடுத்தாள். வளைந்ததை நிமிர்த்தாமல் ஒதுக்கிவிட்டு, நேராக இருந்ததைப் பார்த்து நாலையும் கெட்டித் தகட்டில் புதிதாக வெட்டிப் பற்றவைத்தாள். சக்கரம் கடைய உட்கார்ந்தபோது கை நடுங்கியது. நடுங்கும் கையோடு மிஷினைத் தொடக் கூடாது என்பது அவள் தனக்கே வைத்துக்கொண்ட சட்டம். எழுந்து வாசல் வரை போய்ப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு காலி டிரெய்லர் வந்தது, துள்ளியது, ஒரு நொடி அமைதி, பிறகு தடால். இன்னொன்று வரும்வரை நின்றாள். அதையும் கேட்டாள். பிறகு போய் லேத்தைப் போட்டாள்.

தாங்கியின் பற்றவைப்பைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தாள். ஒரு கோணத்தில் அடித்ததோடு விடாமல், பெட்டி எழும்பும்போது தாங்கி இழுபடும் பக்கமாகவும் அடித்தாள். இதுவரை அப்படி அடித்துப் பார்த்ததே கிடையாது. ஒன்று விரிசல் காட்டியது. அதை அறுத்தெறிந்து மறுபடி செய்தாள். கடைசியில் ஒரு தகட்டுத் துண்டை எடுத்து, ஒரு முனையை மெல்லியதாகவும் மறுமுனையைக் கொஞ்சம் தடிப்பாகவும் அரம் போட்டுத் தேய்த்தாள்.

பொங்கலன்று காலையில், ஊர் முழுவதும் கோலம் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவளே மைதானத்தில் படுத்துக்கொண்டு சக்கரங்களைப் பூட்டினாள். முதலில் மூட்டைகளை மட்டும் வைத்து விடச் சொன்னாள். இரண்டாவது மேட்டுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். பெட்டி மேட்டில் வந்தபோது மேல்சக்கரங்களின் சத்தம் மங்கியது. அதே நொடியில், இதுவரை சும்மா இருந்த அடிச்சக்கரங்கள் நாலும் கிர்ரென்று சுழன்றன. பெட்டி குழாயோடு ஒட்டியபடியே கீழே இறங்கியது. மறுபடி விடச் சொன்னாள். மறுபடியும். இளவரசன் போதும் என்று சொல்லவில்லை.

அப்புறம் ஆண்டாள் சூடம் ஏற்றினாள். செவ்வந்தி ஏறினாள்.

மேட்டில் அவள் உடம்பு மறுபடி இருக்கையை விட்டு எழும்பியது. அடியில் கிர்ரென்ற சத்தம் கேட்டது. அவளுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. பெட்டி வளைந்து, ஏறி, இறங்கி, கிளம்பின இடத்தில் வந்து நின்றது. தானே இறங்கினாள். கால் தரையில் பட்டதும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தானே வந்துச்சு யக்கா? இன்னும் ஏன் இப்பிடி நடுங்கறீங்க?" என்றான் இளவரசன்.

"தெரியல தம்பி. நிக்க மாட்டேங்குது."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து, அரம் போட்டுத் தேய்த்த அந்தத் தகட்டை எடுத்தாள். இளவரசன் கை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி ஆண்டாளிடம் போனாள்.

"பிரேக்கு புடிக்கறது நீதானே. நீ வச்சிக்கோ. காலைல வண்டி வுடறதுக்கு முன்னாடி, அடிச்சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல இத வுட்டுப் பாரு. மெல்லிசு போவணும். தடிசு போவக் கூடாது, போனா சக்கரம் தேஞ்சிடுச்சின்னு அர்த்தம். நாலு சக்கரத்துலயும் பாக்கணும். ஒண்ணுல மாறுனாலும் வண்டிய வுடாத. யாரு சொன்னாலும், உன் வூட்டுக்காரரு சொன்னாலும் வுடாத. எனக்கு ஆள் அனுப்பு."

ஆண்டாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள்.